கடிகாரம் தாவிய வரி

வெள்ளிக்கிழமை டிஸ்கெட்டில் மறுபடியும் பழைய நிரலே போய்விட்டது என்று தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி வந்த அன்று, அத்தான் தம்பியைப் பார்த்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"வெள்ளிக்கிழமைன்னா உனக்குக் கால் தரையில நிக்காது. பள்ளிவாசலுக்கு ஓடுற அவசரத்துல எந்த ஃபைலை எதுல போடுறேன்னே உனக்குத் தெரியறதில்ல."

எனக்குத்தான் காது மடல் சுட்டது. திட்டு வாங்கியவன் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, பக்கத்து மேஜைக்காரி நான் கூனிக் குறுகிப்போனேன். காரணம் உண்டு. திட்டியவர் என் அக்காவின் கணவர்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜார்ஜ் டவுனில், துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே சீனர் ஒருவரின் கப்பல் சாமான் கடை. கயிறும் பெயிண்டும் தாரும் கலந்த வாடை படியேறி வந்து எங்கள் கம்ப்யூட்டர்கள் மேலேயே உட்கார்ந்திருக்கும். அத்தான் இங்கிலாந்தில் படித்தவர். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பெரிய தொழிற்சாலை ஒன்றில் நல்ல வேலையில் இருந்தார். அதை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொடங்கிய கடை இது. தொழிற்சாலையில் சர்க்கியூட் பலகைகளைச் சோதித்துப் பார்க்கும் இயந்திரங்களுக்கு நாங்கள் நிரல் எழுதிக் கொடுத்தோம். ஆட்கள் மூன்றே பேர்: அத்தான், நான், தம்பி. தம்பி என்று கூப்பிட்டாலும் அவன் உறவு இல்லை. தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. தகப்பனாரை அத்தா என்பான்; அவருக்கு டவுனில் சாப்பாட்டுக் கடை. டிப்ளோமா முடித்துவிட்டு எங்களிடம் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என்னை அக்கா என்பான், அவரை அண்ணே என்பான்.

நான் எப்படி உள்ளே வந்தேன் என்று யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன்: "கொழுந்தியா கோட்டா." சொல்லிவிட்டு முதலில் நானே சிரிப்பேன். அப்படிச் சிரித்தால் குத்துகிற இடம் கொஞ்சம் மரத்துப்போகும்.

அத்தானைப் பற்றி எனக்கு அப்போது இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் குடும்பத்தில் வாய்விட்டுப் பகுத்தறிவு பேசிய முதல் ஆள் அவர்தான். நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அக்கா காலையில் எழுந்ததும் சுவரில் தொங்கும் நாள்காட்டித் தாளைக் கிழித்து, ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது என்று பார்த்து வைத்துக்கொள்வாள். அத்தானுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

"என்னங்க, இப்ப காடியை எடுக்காதீங்க, ராகு காலம்" என்பாள், அவர் கார் சாவியைக் கையில் எடுத்ததும்.

"ராகுவுக்கு வேற சோலி இல்லையா? என் பழைய காடியைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கானா?" என்பார்.

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அக்கா தோசையைத் திருப்பிப் போடுவாள். அலுவலகத்திலும் இதே கச்சேரி நடக்கும். தம்பியிடம், "வீட்டுல இவ அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் பூமி சுத்துது, தெரியுமா?" என்பார். தம்பி மரியாதைக்குச் சிரித்து வைப்பான்.

சரி, டிஸ்கெட் கதைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு வெள்ளியும் பகல் பன்னிரண்டு மணிக்குத் தொழிற்சாலை வேன் வரும். அதற்குள் அந்த வாரத்துத் திருத்தங்களோடு புது நிரலை டிஸ்கெட்டில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். இதற்கென்றே அத்தானின் மேஜைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதில் ஒரு பில்டு ஸ்கிரிப்ட். நாங்கள் எழுதிய கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து டிஸ்கெட்டில் இறக்கும் கட்டளை வரிசை அது. அத்தான் எழுதியது. அது சின்னச் சின்னக் கோப்புகள் பலவற்றைக் கூப்பிடும். அவையும் அவர் எழுதியவையே. ஓடும்போது திரையில் ஒன்றும் காட்டாது. கடைசியில் 'முடிந்தது' என்று மட்டும் சொல்லும்.

முன்பெல்லாம் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து மாற்றும். ஒரு சுற்று ஓடி முடிவதற்குள் கீழே போய் ரொட்டி சானாய் தின்று, தே தாரிக் குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டு வரலாம். தம்பி வந்து சில மாதத்தில் அதைச் சுருக்கினான். எந்தக் கோப்பு மாறியிருக்கிறதோ அதை மட்டும் மறுபடி செய், மற்றதை விட்டுவிடு என்று ஒரு ஏற்பாடு. கோப்பு மாறியிருக்கிறதா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? நேரத்தை வைத்துத்தான். நாம் எழுதிய கோப்பின் நேரம், ஏற்கெனவே செய்து வைத்ததன் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் மாறியிருக்கிறது. முந்தியதாக இருந்தால் மாறவில்லை. மாவு அரைத்த பிறகு அரிசி ஊறப்போட்டிருந்தால் மறுபடி அரை, இல்லாவிட்டால் இருக்கிற மாவிலேயே சுடு. அவ்வளவுதான் சூட்சுமம்.

இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் கோளாறும் வந்தது. தினமும் இல்லை, வெள்ளிக்கிழமைகளில் மட்டும், அதுவும் சில வெள்ளிகளில் மட்டும். காலையில் ஒரு முறை பில்டு போடுவோம், சோதிப்போம், சின்னப் பிழை ஒன்று தெரியும். தம்பி அதைத் திருத்திவிட்டு மறுபடி பில்டு போடுவான். வேன் வந்துவிடும். டிஸ்கெட் போகும். மாலையில் தொழிற்சாலையில் பார்த்தால் திருத்தத்தைக் காணோம்! திங்கட்கிழமை செய்து வைத்ததை எல்லாம் அழித்துவிட்டு அதே கோப்புகளை முதலிலிருந்து போட்டுப் பார்த்தால் எல்லாம் கச்சிதமாக வரும். பேயா பிசாசா என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

அத்தான் மட்டும் குழம்பவே இல்லை. "நீ வந்து கை வச்சதுக்கப்புறம்தானே இது?" என்று தம்பியைக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு நிற்கவில்லை, தொழுகையையும் இழுத்தார்.

அந்தத் தொலைபேசிக்குப் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படிப் போச்சுன்னா, செஞ்ச ஆளை மாத்துங்கன்னு ஃபாக்டரியில சொல்லிட்டாங்க. அடுத்த வெள்ளி சரியா வரலன்னா அவன் போகட்டும். நான் முடிவு பண்ணிட்டேன்" என்றார்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் வீட்டார், மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார் என்பதற்காகத்தான் சாப்பாட்டுக் கடைக்காரர் வீட்டுச் சம்பந்தத்துக்குத் தலையாட்டினார்கள் என்று அவனே ஒரு தடவை சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். இந்த வேலை போனால் எதெல்லாம் சேர்ந்து போகும் என்று எனக்குத் தெரியும்.

"எனக்கு ஒரு வாரம் கொடுங்க அத்தான், எந்த வரியில தப்பு நடக்குதுன்னு கையோட பிடிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

"பிடி, பிடி. பிடிச்சா அவன்தான் மாட்டுவான்" என்றார்.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையின் பின்பக்க விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் தருவித்திருந்த ஒரு துணைநிரல், பிரிக்காத உறைக்குள் கிடந்தது. இப்போது பிளகின் என்கிறார்கள், அன்றைக்கு ஆட்-ஆன். நாங்கள் நிரல் எழுதுகிற எடிட்டருக்குள் அதை ஒட்டவைத்துவிட்டால் பில்டு ஸ்கிரிப்டை ஒரேயடியாக ஓடவிடாமல், ஒரு விசை தட்டினால் ஒரு வரி என்று நடத்திப் பார்க்கலாம். ஓடுகிற வரி மஞ்சளாக ஒளிரும். கீழே ஒரு சின்ன ஜன்னலில் கோப்புகளின் நேரமும் கம்ப்யூட்டரின் கடிகாரமும் தெரியும். வேறொரு கோப்பைக் கூப்பிடும் வரி வந்தால், அதைத் தாண்டியும் போகலாம், அதற்குள் நுழைந்தும் பார்க்கலாம்.

சொல்ல எளிது. அதை பில்டு போடும் கம்ப்யூட்டரில் பொருத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது! கூட வந்த கையேட்டில் 'எளிமையாக நிறுவலாம்' என்று போட்டிருந்தான்; அவன் கையில் கிடைத்தால் நாலு அறை விட்டிருப்பேன். முதலில் நினைவகம் போதவில்லை என்றது. மவுஸுக்கான நிரலைத் தூக்கினேன். இன்னும் போதவில்லை என்றது. நெட்வொர்க்கைத் தூக்கினேன். ஓடியது. ஆனால் நெட்வொர்க் இல்லாததால், எங்கள் கோப்புகளை டிஸ்கெட்டில் போட்டுக் கையால் தூக்கிவர வேண்டியதாயிற்று. அடுத்து, வரி நகர்த்தும் விசையைத் தட்டினால் வரி நகரவில்லை. ஸ்கிரிப்டின் தலையில் நிறுவனத்தின் பெயரும், கீழே அத்தானின் பெயரும், அவர் வாங்கிய பட்டங்களும் வந்து உட்கார்ந்தன. அந்த விசைக்கு அவர் முன்பே அந்த வேலையைக் கொடுத்து வைத்திருந்திருக்கிறார்! தட்டத் தட்டப் பட்டமாகக் கொட்டியது. தம்பி பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, அண்ணன் மூணு தடவை பட்டம் வாங்கிட்டாரு" என்றான். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

வியாழன் மாலை எல்லாம் பொருந்தியது. ஒரு முறை முழுசாக நடத்திப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நடுவில் அத்தானின் சின்னக் கோப்புகளைக் கூப்பிடும் வரிகள் வந்தன. அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனேன். கோளாறு வெள்ளிக்கிழமைதானே வருகிறது, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளி காலை பத்தரை தாண்டி முதல் பில்டு போட்டோம், வழக்கம்போல. சோதித்தோம். ஒரு பிழை இருந்தது, அதுவும் வழக்கம்போல. தம்பி தன் மேஜையில் உட்கார்ந்து அதைத் திருத்தினான். சேமித்தபோது மணி பத்து ஐம்பது. டிஸ்கெட்டில் போட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "பசியாறினியா?" என்று கேட்டேன். "இல்லக்கா, இறங்கல" என்றான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு இடப்பக்கம் அத்தான், வலப்பக்கம் தம்பி. ஒரு வரி, அடுத்த வரி என்று தட்டிக்கொண்டே போனேன். சின்னக் கோப்பு ஒன்றைக் கூப்பிடும் வரி மஞ்சளானது.

"அது ஒண்ணுமில்ல. வெறும் செட்டிங். தாண்டிப் போ" என்றார் அத்தான்.

அவர் குரலில் ஒரு அவசரம் இருந்தது. அது என்னைச் சீண்டியது. ஒரு வாரமாக 'அவன்தான், அவன்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், இப்போது தாண்டிப் போ என்கிறாரே என்று எரிச்சல். யாராவது ஒன்றைச் செய்யாதே என்றால் செய்துவிட்டு மறுவேலை பார்க்கிற குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. உள்ளே நுழையும் விசையைத் தட்டினேன்.

கோப்பு திறந்தது. முதல் வரி ஒரு குறிப்பு, ஆங்கிலத்தில்: வெள்ளி, 10.30 – 12.00. அடுத்த வரி, இன்றைக்கு வெள்ளியா, இப்போது அந்த நேரத்துக்குள் இருக்கிறோமா என்று பார்த்தது. ஆம். அதற்கடுத்த வரி மஞ்சளானது. தட்டினேன். கீழே சின்ன ஜன்னலில் 10.56 என்று இருந்த கடிகாரம் 12.01 என்று தாவியது.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அக்கா கிழிக்கும் நாள்காட்டித் தாளில் ஒவ்வொரு வெள்ளியும் அச்சாகியிருக்கும் அதே எண்கள். எங்களூரில் எந்தத் தமிழ்க் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

என் கை தானாக அடுத்த விசைகளைத் தட்டியது. தம்பியின் கோப்பு வந்தது, நேரம் 10.50. காலையில் செய்து வைத்திருந்ததன் நேரம் 12.02, ஏனென்றால் அப்போதும் கடிகாரம் தாவியிருந்தது. செய்து வைத்தது பிந்தியது, ஆகவே மாற்றம் இல்லை, விட்டுவிடு என்று ஸ்கிரிப்ட் தம்பியின் திருத்தத்தைத் தொடாமல் தாண்டிப் போயிற்று. கடைசி வரி கடிகாரத்தை அமைதியாகப் பழைய நேரத்துக்குத் திருப்பி வைத்தது. 'முடிந்தது' என்றது.

இதுதான் நடந்திருக்கிறது. வேன் பன்னிரண்டு மணிக்கு வந்துவிடும், அதனால் பில்டைத் தள்ளிப்போட முடியாது. ஏன் தள்ள வேண்டும் என்று யாரிடமும் சொல்லவும் முடியாது, அவர் ராகுவைக் கேலி பண்ணியே பேர் வாங்கியவர். ஆகவே கம்ப்யூட்டரின் கணக்கிலாவது பன்னிரண்டுக்கு மேல் தொடங்கட்டும் என்று ராகுவுக்கே டிமிக்கி கொடுக்க ஒரு கோப்பு! முன்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்துகொண்டிருந்தவரை இந்த டிமிக்கியால் நஷ்டமில்லை. தம்பி நேரத்தைப் பார்த்து வேலையைச் சுருக்கினான், அன்றிலிருந்து கோளாறு. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோவில் என்பார்களே, அதை நான் அத்தனை நாள் வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

கீழே கடையில் யாரோ சங்கிலியை இழுத்துப் போடும் சத்தம்.

"பேட்டரி வீக்குபோல இருக்கு" என்றார் அத்தான். "கடிகாரப் பேட்டரி போச்சுன்னா இப்படித்தான் டைம் குதிக்கும்."

நான் அந்தக் கோப்பை மூடியிருக்கவில்லை. 'வெள்ளி, 10.30 – 12.00' என்ற வரி எங்கள் மூன்று பேர் முகத்துக்கு நேரே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் சோறே இல்லாமல் மறைத்தார். எனக்கு அந்த இடத்திலேயே நாண்டுகொள்ளலாம் போல இருந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கம்தான் வந்தது, வீட்டு ஆள் ஒருவர் நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்து நிற்பதைப் பார்த்த மாதிரி. தம்பி அதைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறானே என்பது அதைவிட வெட்கம்.

தம்பிக்குத் தெரியாமலா இருக்கும்? அவன் அத்தாவின் கடைக்கு எதிரே நகைக்கடை, துணிக்கடை என்று எல்லாம் நம் ஆட்கள். அவர்கள் எப்போது கல்லாவைத் திறப்பார்கள், எப்போது திறக்க மாட்டார்கள் என்று பார்த்து வளர்ந்தவன். அந்த வரியை அவன் இரண்டு முறை படித்ததை நான் பார்த்தேன்.

இப்போது கேட்கப் போகிறான், கேட்கட்டும், நாலு வார்த்தை நன்றாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவனுக்கு உரிமை இருந்தது.

"அண்ணே" என்றான். "பழசை எல்லாம் அழிச்சிட்டு முழுசா ஒரு பில்டு போட்டா சரியா வந்துடும். இப்பவே தொடங்கட்டுமா, இல்ல, பன்னண்டு தாண்டட்டுமா?"

நக்கல் இல்லை. நக்கல் இருந்தால் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி. சத்தியமாக இல்லை. பசிக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டான்.

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. "வேன் வந்துடுமே" என்றார், மெல்ல.

"அது நான் பாத்துக்கிறேன்ண்ணே" என்று தம்பி போய்த் தொலைபேசியை எடுத்தான். தொழிற்சாலையில் எங்கள் டிஸ்கெட்டுகளை வாங்கி வைக்கும் சீனப் பெண்ணோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினான். எனக்கு எல்லாம் கேட்டது. இன்றைக்கு டிஸ்கெட் கொஞ்சம் தாமதம் என்றான். காரணம் தான்தான் என்றான். வெள்ளிக்கிழமையாச்சே, ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வந்து நிதானமாகச் செய்து கொடுக்கிறேன், அவசரத்தில் செய்வதால்தான் தப்பு வருகிறது, இனி எல்லா வெள்ளியும் வேனை மூன்று மணிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டான்.

ஒரு வாரத்துக்கு முன்னால் எதைச் சொல்லி அவனைக் குத்தினோமோ, அதையே எடுத்து எங்கள் மானத்தின்மேல் போர்த்தினான்.

அதோடு முடிந்திருக்கலாம். எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. "மூணு" என்று தம்பி சொன்னதும் பின்னாலிருந்து அத்தான், தாங்க முடியாமல், "ரெண்டரைன்னு சொல்லு, தம்பி" என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி எமகண்டம்.

தம்பி திரும்பிப் பார்க்காமல், "ரெண்டரை, ரெண்டரை லா" என்று தொலைபேசியில் மாற்றிச் சொன்னான். நான் எழுந்து கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

பன்னிரண்டு தாண்டி முழு பில்டு போட்டோம். தம்பி தொழுகைக்குப் போய்விட்டு வந்து சோதித்தான். டிஸ்கெட் இரண்டரைக்குப் போயிற்று. மாலையில் எல்லாம் சரி என்று தகவல் வந்தது. அந்தச் சின்னக் கோப்பை அத்தான் தானே அழித்தார். பேட்டரியையும் மாற்றினார். நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதுப் பேட்டரி போட்டதை நானும் தம்பியும் எங்கள் மேஜைகளிலிருந்து பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் அத்தான் யாரையும் கேலி பண்ணவில்லை. சீக்கிரம் எழுந்து போய்விட்டார்.

"என்னடி, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று அக்கா கேட்டாள். பாத்திரம் கழுவும்போது அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரிப்பாள், 'இத்தனை வருஷம் என்னை என்ன பாடு படுத்தினாரு' என்று குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த கரண்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி" என்றாள். "நான் என்ன, ஊரையா கூட்டியிருப்பேன்? அந்த மனுஷன் என்னைக் கேலி பண்றப்ப எல்லாம் நீதான் முதல்ல சிரிப்பே."

கரண்டியை வாங்கித் துடைத்து வைத்தேன்.

தம்பியின் வேலை நிலைத்தது. அத்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. ஆனால் அதன் பிறகு தொழுகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்துக்கு எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். நெய்ச்சோறு பரிமாறும்போது தம்பியின் அத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மகனை நல்லா வச்சிருக்கீங்க" என்றார். அத்தான் தட்டைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் தட்டைத்தான் பார்த்தேன்.

பிறகு பாயான் லெப்பாஸில் பெரிய வேலை கிடைத்துத் தம்பி போய்விட்டான். சண்டை ஒன்றும் இல்லை. அங்கே சம்பளம் அதிகம், அவ்வளவுதான். போகும்போது துணைநிரலின் டிஸ்கெட்டுகளை ஒழுங்காக உறையில் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகும் வெள்ளிக்கிழமை வேன் இரண்டரைக்கே வந்துகொண்டிருந்தது. ஒருநாள் தொழிற்சாலையிலிருந்து அந்தச் சீனப் பெண் கூப்பிட்டாள். "உங்க ஜும்ஆ ஆள்தான் போயிட்டாரே, இனிமே பழையபடி பன்னண்டு மணிக்கே வேனை அனுப்பவா?" என்று மலாயில் கேட்டாள்.

அத்தான் பக்கத்து மேஜையில் இருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஏதாவது ஒரு காரணம் சொல்லலாம், வாயில் தயாராக நாலைந்து இருந்தன. என்னவோ, அன்றைக்கு அலுத்துப்போயிற்று.

"இல்ல. வெள்ளிக்கிழமை பத்தரையில இருந்து பன்னண்டு வரைக்கும் எங்களுக்கு நல்ல நேரம் இல்ல. அந்த நேரத்துல நாங்க ஒண்ணும் தொடங்க மாட்டோம்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

"ஓ, அப்படியா? ஓகே லா" என்றாள். "எங்கம்மாவும் இப்படித்தான், நாள் பாக்காம முடிகூட வெட்ட மாட்டாங்க. அப்ப ரெண்டரைதானே?"

"ரெண்டரைதான்" என்றேன். வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஃபாக்டரியா?" என்று கேட்டார்.

"ஆமா அத்தான். ஏன் ரெண்டரைன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன்."

அவர் விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன.

"சிரிச்சாங்களா?"

"இல்ல அத்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் சிரித்திருந்தால் எவ்வளவோ தேவலாம் என்று அன்று முழுவதும் தோன்றிக்கொண்டிருந்தது. ஒருத்தியாவது சிரித்திருந்தால், நாங்கள் மறைத்ததற்கு ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.